நாற்பத்தொரு மடைகள்

மார்ச் 4, ஐன் தர்ஃபா

மதிப்புக்குரிய ஸீ முன்ஸிஃபுக்கு,

எப்படி இருக்கிறாய்? உடம்பு சுகமா? இடுப்பு வலி விட்டதா? துனிஸில் மழை உண்டா, இல்லை அங்கேயும் மேகம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறதா? உன் அம்மா எப்படி இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரர் கிளி வளர்த்தாரே, அவர் நலமா, கிளி நலமா? அந்தக் கிளி என்னைப் பார்த்து ஒருமுறை கெட்ட வார்த்தை சொன்னது. அதையும் கேட்டதாகச் சொல். மூன்று வருஷம் கழித்து எழுதுகிறவன் ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது.

மச்சான் என்று எழுதத்தான் கை போனது. பழக்கம். நீ என் தங்கச்சியின் புருஷனாக இருந்த காலத்தில் வந்த பழக்கம், போகமாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள். எங்கள் ஊரில் தண்ணீர் முறை உனக்குத் தெரியும். தோட்டத்துக்கு ஒரு மடை, மடைக்கு ஒரு நேரம், அந்த நேரம் இருபத்தொரு நாளைக்கு ஒருமுறைதான் வரும். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த நேரத்துக்காக மண்வெட்டியால் அடித்துக்கொண்டு ஹம்மாதிக்கு ஒரு கண் போனது. அவன் இப்போது சொல்கிறான், "ஒத்தக் கண்ணு வந்தப்புறம் பாதி ஊரைத்தான் பாக்க வேண்டியிருக்கு, நிம்மதியா இருக்கு"ன்னு. அவன் அப்படித்தான். ஆனால் ஹாஜி பிரீக், தண்ணீர்ச் சங்கத்துத் தலைவர், பயந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "பல்காசிம், மனுசன் கை படாம மடை தொறக்கணும், மூடணும். பண்ணுவியா?" என்றார்.

பண்ணினேன். சாட்டிலைட் ரிசீவர் கம்பெனி கார்டை மாற்றியபோது ஜனங்கள் தூக்கிப் போட்டார்களே பழைய பெட்டிகள், அவற்றை கெபிலி சந்தையில் பொறுக்கினேன். நாற்பத்திரண்டு கிடைத்தது. பிரித்து, போர்டை எடுத்து, மடைக்கு மோட்டார் வைத்து இணைத்தேன். நாற்பத்தொரு மடைக்கு நாற்பத்தொரு போர்டு. மிச்சம் ஒன்று. கரண்டு வந்ததும் அந்தப் பெட்டிக்குள் முதலில் கண் விழிக்கிற சின்ன நிரல் இருக்கிறதே, நீங்கள் பூட் லோடர் என்பது, அதற்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து இலவசமாக எழுதியதைப் போட்டேன். எல்லாம் ஓடியது. சங்கம் பழைய கைமடைகளை சிமென்ட் பூசி மூடியே விட்டது.

பிறகு தோட்டக்காரன் கெய்லானி தன் மடைப்பெட்டியில் வேறு நிரலோடு ஒரு பென் டிரைவைச் செருகினான். அவன் முறை ஒரு மணி நேரம் நீண்டது. கடைசித் தோட்டங்களுக்குத் தண்ணீர் போகவில்லை. மறுபடி மண்வெட்டிகளைத் தீட்டுகிற சத்தம் கேட்கிறது, மச்சான். ஆகையால் பெட்டியைப் பூட்ட வேண்டும். எங்கள் முத்திரை உள்ள நிரலை மட்டும் அது எழுப்ப வேண்டும். அந்தச் சிப்புக்கு அந்த வசதி இன்னும் உங்கள் நிரலில் இல்லை. புதிதாகச் சேர்க்க எழுதியிருக்கிறேன். அந்தச் சிப்புக்கு வரும் திருத்தங்களை ஏற்கிற பராமரிப்பாளர் யார் என்று பார்த்தால் உன் பெயர்! உலகம் எவ்வளவு சின்னது!

பழசை மனசில் வைக்காதே. அன்றைக்கு நீ தங்கச்சியைக் கூட்டிப் போக வந்து எங்கள் ஜெனரேட்டர் பெட்டி மேல் நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்ததை இங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம், அன்போடுதான். மஹ்பூபா நன்றாக இருக்கிறாள். காபெஸில் ஒரு மீன் வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

பல்காசிம்


மார்ச் 9, அரியானா, துனிஸ்

திரு. பல்காசிம் அவர்களுக்கு,

மச்சான் என்று எழுத வேண்டாம். நான் உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

இந்தத் திட்டத்தில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். திருத்தங்களைப் பொது மடல்குழுவுக்கு அனுப்புங்கள். எல்லோர் முன்னாலும் படித்துப் பார்த்துக் குறை சொல்லப்படும். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியவர் தன் பெயரை இட்டு ஒப்பம் செய்ய வேண்டும். அது சத்தியத்துக்குச் சமம். நான்தான் எழுதினேன், தர எனக்கு உரிமை உண்டு என்று அர்த்தம். அதோடு, அந்தப் போர்டைக் கையில் வைத்திருக்கும் வேறொருவர் ஓட்டிப் பார்த்து, "சோதித்தவர்" என்று தன் பெயரைச் சேர்க்க வேண்டும். அந்த வரி இல்லாமல் நான் எதையும் ஏற்பதில்லை.

இந்தச் சிப்போடு வேலை செய்தவர் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். அந்த ரிசீவர் கம்பெனியில் நான்கு வருடம் இருந்தேன். எனவே சோதிப்பதும் நான்தான். மிச்சமிருக்கும் போர்டை அனுப்புங்கள்.

ஒரு திருத்தம். அது ஜெனரேட்டர் பெட்டி அல்ல. பம்ப் நிற்கும் சிமென்ட் மேடை. ஆகஸ்ட் மாதம். காலை ஒன்பது இருபதிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை. "இதோ வர்றா, தலை சீவிக்கிட்டிருக்கா" என்று நீங்கள் ஏழு முறை சொன்னீர்கள். தேநீரில் உப்புப் போட்டிருந்தது. கடைசியில், "ஜன்னல் வழியா உன்னைப் பாத்துச் சிரிச்சுட்டு உள்ள போயிட்டா" என்றீர்கள்.

முன்ஸிஃப்


ஏப்ரல் 2, ஐன் தர்ஃபா

ஸீ முன்ஸிஃப்,

நலமா? நான் கேட்பேன், நீ பதில் சொல்லமாட்டாய், பரவாயில்லை.

நாலாவது தடவை அனுப்பியாகிவிட்டது. முதல் தடவை நீ எல்லோர் முன்னாலும் எழுதினாய், "இது நிரல் அல்ல, ஆட்டுச் சந்தை" என்று. இரண்டாவது தடவை, "இடைவெளி விடத் தெரியாதவருக்கு இந்தத் துறையில் என்ன வேலை" என்று. மூன்றாவது தடவை நீ சொல்வதற்கு முன்பே ஜெர்மனிக்காரர் ஒருவர், பெயர் வாயில் நுழையாது, "முதல்முறை எழுதுபவர்தானே, கொஞ்சம் மெதுவாக" என்று சொன்னார். அவருக்கு நீ கொடுத்த பதிலைப் படித்துவிட்டு நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். "ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் என்று அவரே சொல்கிறார், அதற்கான மதிப்பெண்ணைத்தான் நான் தருகிறேன்." அதை உனக்கு நான் தனியாக எழுதினேன் அல்லவா? பிரேசில்வரைக்கும் அது போய்விட்டது.

கெபிலியில் செல்போன் கடைக்காரன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க அஞ்சாங்கிளாஸு!" என்கிறான். வாங்கிக்கொண்டேன். தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான்.

போர்டை, துனிஸுக்கு ஆள் ஏற்றிப் போகிற லுவாஜ் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பேரீச்சம்பழப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் பழம் அடைத்து. பழம் எதற்கு என்று கேட்காதே, சுருட்டின காகிதத்தைவிட அது நன்றாகப் பிடிக்கும். சாப்பிட்டாலும் நல்லது. டெக்லா ரகம், கடைசித் தோட்டத்துப் பழம். வண்டிக்காரர், "என்னடா இது, குண்டா?" என்று கேட்டார். "இல்லண்ணே, மாப்பிள்ளைக்குச் சீர்" என்றேன். சிரித்தார். மன்னித்துக்கொள்.

ஒன்று மட்டும் புரிந்துகொள். மிச்சம் இருந்தது அந்த ஒரு போர்டுதான். அந்தச் சிப் இப்போது செய்வதில்லை. சந்தையில் தேடினேன், மெட்னின் போய்த் தேடினேன், இல்லை. மற்ற நாற்பத்தொன்றும் மடையில் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு வழியில்லை. பூட்டுவதற்காகச் சிப்புக்குள் எரித்த ஃபியூஸை மறுபடி ஒட்ட முடியாது என்கிறார்களே. அதனால் உன் கையில் இருப்பதுதான் எங்கள் எல்லோருக்கும் கண்.

பல்காசிம்


ஏப்ரல் 20, அரியானா

திரு. பல்காசிம்,

போர்டு வந்தது. பழத்தைக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆறாவது பதிப்பைப் படித்தேன். முதல்முறையாகப் படிக்கக்கூடிய ஒன்றை அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெளிவாக இருக்க, என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சிப்புக்குள் ஒருமுறை மட்டுமே எரியும் நுண்ணிய ஃபியூஸ்கள் உள்ளன. முதலில் உங்கள் முத்திரைச் சாவியின் கைரேகையை எட்டுத் துண்டாக அங்கே எரிக்கிறீர்கள். பிறகு கடைசி ஃபியூஸ், பூட்டும் ஃபியூஸ். அதை எரிக்கும்வரை, கைரேகை தவறாக இருந்தாலும் சிப் ஒரு எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு வேலை செய்யும். எரித்த பிறகு, அடுத்தமுறை கரண்டு போய் வரும்போது, கைரேகை பொருந்தாவிட்டால் அது எழாது. எப்போதும் எழாது.

இரண்டு மாற்றங்கள் தேவை. ஒவ்வொரு துண்டையும் பின்னாலிருந்து முன்னாக எழுதியிருக்கிறீர்கள். தவறு. நேராக எழுதுங்கள். அடுத்து, அந்த எச்சரிக்கை வரியைத் திரையில் காட்டும் பகுதியை நீக்குங்கள். வீண் பேச்சு. எங்கள் நிரல் அவசியமில்லாமல் பேசாது.

ஒரு கேள்வி. எண்ணிக்கையை எல்லா இடத்திலும் மேலிருந்து கீழாக, பூஜ்யம்வரை இறக்கிக்கொண்டு போகிறீர்கள். இப்படி எழுதுகிற ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். எங்கிருந்து எடுத்தீர்கள்?

முன்ஸிஃப்


மே 17, ஐன் தர்ஃபா

ஸீ முன்ஸிஃப்,

எங்கிருந்து என்றால், அவள் இங்கே விட்டுப்போன நோட்டுப் புத்தகத்திலிருந்துதான். உனக்கு ஞாபகம் இருக்கும், நீல அட்டை, துனிஸில் உன் வீட்டில் சமையல் மேடையில் வைத்து எழுதுவாளே. அதிலிருந்த அவள் வேலையை நீ உன் பெயர் போட்டு அனுப்பினாய், உன்னைப் பராமரிப்பாளர் ஆக்கினார்கள், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். அதற்குப் பிறகும் அந்த நோட்டு உபயோகப்படுகிறது பார். நல்ல காகிதம்.

கோபப்படாதே. எனக்கு நாக்கு அப்படி. என் அப்பா என்னைப் பற்றிச் சொல்வார், "இவன் ஒட்டகத்தைக்கூட அழ வச்சுடுவான்"ன்னு. உண்மையிலேயே ஒருமுறை ஒரு ஒட்டகம் அழுதது, ஆனால் அதற்குக் கண்ணில் புண் இருந்தது, அது வேறு கதை, கெய்லானியின் அப்பா வாங்கிவந்த ஒட்டகம், முன்கால் நொண்டி... விடு.

நோட்டில் அந்தத் துண்டுகள் பின்னாலிருந்துதான் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தது. நீ நேராக என்கிறாய். கம்பெனியில் இருந்தவன் நீ, நேராக்கிவிட்டேன். எச்சரிக்கை வரியையும் எடுத்தாகிவிட்டது. எடுக்க மனசில்லைதான். வீண் பேச்சு என்றால் நான் ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும்.

ஒன்பதாவது பதிப்பு அனுப்பியிருக்கிறேன். ஹாஜி பிரீக் தினமும் என் ரிப்பேர் கடைக்கு வந்து நிற்கிறார். "என்ன பல்காசிம், அந்த துனிஸ்காரன் சோதிச்சானா?" "சோதிக்கிறாரு ஹாஜி." "சீக்கிரம் சொல்லுப்பா. ஜூலை முறையிலே கெய்லானி கை வச்சான்னா, நான் தடுக்க மாட்டேன், நானே மண்வெட்டி எடுப்பேன்." எழுபத்தொரு வயது மனிதர். அவர் எடுத்தால் எல்லோரும் எடுப்பார்கள்.

அந்த போர்டை நீ பூட்டிப் பார்த்து, கரண்டை நிறுத்திப் போட்டுப் பார்த்து, எழுந்தது என்று ஒரு வரி சொல். அது போதும். நான் வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

பல்காசிம்


ஜூன் 6, அரியானா

திரு. பல்காசிம்,

இன்று சோதித்தேன். கைரேகையை எரித்தேன். பூட்டும் ஃபியூஸை எரித்தேன். கரண்டை மூன்று முறை நிறுத்திப் போட்டேன். மூன்று முறையும் எழுந்தது.

திருத்தத்தின் அடியில் "சோதித்தவர்: முன்ஸிஃப்" என்று சேர்த்து ஏற்றுக்கொண்டேன். பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறது. உலகம் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெயர் எழுதியவர் என்று நிற்கிறது. வாழ்த்துகள்.

எல்லா மடைகளையும் ஒரே நாளில் பூட்டிவிடுவது நல்லது. பாதி பூட்டியது, பாதி பூட்டாதது என்று இருந்தால் பூட்டாததில் கைவைப்பார்கள்.

முன்ஸிஃப்


ஜூலை 8, ஐன் தர்ஃபா

என் மச்சான் முன்ஸிஃப்!

இந்த ஒருமுறை அப்படித்தான் எழுதுவேன், திட்டிக்கொள்.

முடிந்தது! நேற்றுக் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். கடையில் உட்கார்ந்தபடியே, ஒயர் வழியாக, ஒவ்வொரு மடையாக. ஒன்று, இரண்டு, மூன்று... ஹாஜி பிரீக் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லா சொன்னார். பத்தாவது மடையில் அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது, எலுமிச்சை சாறு கொடுத்தோம். ஹம்மாதி வந்து, "எரிக்கிறேங்கிறே, புகையே வரலயே?" என்றான். "உள்ள வருதுடா." "எனக்கு ஒத்தக் கண்ணு, அதான் தெரியல போல." கெய்லானியே வந்து நின்றான், பென் டிரைவை எடுத்து ஹாஜியின் கையில் கொடுத்து, "இந்தாங்க, கல்யாணப் பாட்டு ஏத்திக்கங்க" என்றான். ஊரே சிரித்தது. ஐன் தர்ஃபாவில் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று சிரித்து எத்தனை நாளாயிற்று!

இரண்டரை மணிக்கு நாற்பத்தொன்றாவது மடையும் பூட்டியாகிவிட்டது. ஒன்றையாவது நிறுத்திப் போட்டுப் பார்க்கலாமா என்று கை அரித்தது. முறை ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தினால் மடை மூடிக்கொள்ளும், யாருடைய நேரத்தைத் திருடுவது? ஹாஜி, "துனிஸ்காரன் மூணு தடவ நிறுத்திப் பாத்துட்டானே, அப்புறம் என்ன?" என்றார். சரிதான்.

உனக்கு நான் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. அந்த உப்பு... வேண்டாம், இன்னொரு நாள் சொல்கிறேன். நீ பெரிய மனுஷன். இந்த ஜூலையில் ஒருவன் தலையும் உடையாது, அது உன்னால்.

பல்காசிம்


ஜூலை 9, அரியானா

பல்காசிம்,

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள் என்ற இடத்தை மூன்று முறை.

நீ அனுப்பிய போர்டு ஜூன் ஆறாம் தேதி காலை பதினொரு மணிக்குச் செத்தது. முதல் தடவை நிறுத்திப் போட்டபோதே. அது என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

இந்தச் சிப் ஒவ்வொரு துண்டையும் பின்னாலிருந்து படிக்கும். கையேட்டில் இருக்காது, கம்பெனிக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நோட்டில் இருந்ததுதான் சரி. நான் நேராக்கச் சொன்னேன். எச்சரிக்கை வரி திரையில் வந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எடுக்கச் சொன்னேன். நீ இரண்டையும் செய்தாய். ஒன்பது பதிப்புகளில் நீ முழுதாகக் கீழ்ப்படிந்தது இந்த இரண்டில்தான்.

இனி நிலைமை இது. நாற்பத்தொன்றும் இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கின்றன. கரண்டு நிற்காதவரை ஓடும். ஒரு நொடி நின்றாலும் எழாது. எரித்ததை மாற்ற முடியாது. இந்த உலகத்தில் எந்தச் சாவியும் அதற்கு இனிப் பொருந்தாது. கைமடைகளைச் சிமென்ட் பூசிவிட்டீர்கள் என்று நீயே எழுதியிருந்தாய். தெற்கே வெயில் ஏறினால் மதியத்தில் முறை வைத்துக் கரண்டை நிறுத்துவார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து என்று வானொலி சொன்னது.

சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும். அந்த மேடை இன்னும் இருந்தால் அதன் மேல் உட்கார். ஐந்து மணி நாற்பது நிமிஷம் போதாது உனக்கு. இதோ வருகிறது, இதோ வருகிறது என்று ஒவ்வொரு பல்பையும் பார்த்துக்கொண்டிரு. கடைசியில் ஊர் முழுக்க உன்னைச் சுற்றி நிற்கும். அன்றைக்கு யார் சிரிக்கிறார்கள் என்று எனக்கு எழுது.

உனக்குத் தோட்டம் கிடையாது, எனக்குத் தெரியும். உன்னிடம் இருந்தது பெயர் ஒன்றுதான். அதைத்தான் எடுத்தேன்.

காபெஸ் மீன் வியாபாரியின் வீட்டுக்கு என் சலாம்.

முன்ஸிஃப்


ஜூலை 11, வெள்ளி, ஐன் தர்ஃபா

முன்ஸிஃபுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. கேட்டுப் பழகிவிட்ட வாய், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தது நேற்றைக்கு முந்தின நாள். யாரிடமும் சொல்லவில்லை. ஹாஜியிடம் ஓர் உளி வாங்கினேன். முதல் மடைக்குப் போய் சிமென்டை உடைக்க ஆரம்பித்தேன். ஹம்மாதி வந்து, "என்னடா, மூடுனதைத் தொறக்கிறே?" என்றான். "பூரான் இருக்கு" என்றேன். "நாப்பத்தொரு மடையிலயுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாளில் மூன்று மடை உடைத்திருக்கிறேன். சங்கம் நல்ல சிமென்டாகத்தான் வாங்கியிருக்கிறது. முப்பத்தெட்டு பாக்கி. கை கொப்பளித்து, பேனா நழுவுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இதைப் படம் பிடித்து அனுப்புவேன். போனில் தட்டுவதற்கு விரல் வரவில்லை.

உடைக்கிற வேலையை ஏன் விட்டுவிட்டு எழுதுகிறேன் என்றால், நீ ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறாய். அதைத் திருத்தாமல் விட எனக்கு மனசு வரவில்லை. நீ என்னுடையதைத் திருத்தினாயே, அப்படி.

முதலாவது, மீன் வியாபாரி. அப்படி ஒருவன் இல்லை. உனக்கு எழுதிக்கொண்டிருந்தபோது தெருவில் ஒருத்தன் மத்தி மீன் கூவிக்கொண்டு போனான். கைக்கு வந்தது, எழுதிவிட்டேன். மஹ்பூபா எங்கேயும் போகவில்லை. யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. இங்கேதான் இருக்கிறாள். கல்யாணத்துக்கு நீ அவளுக்குக் கொடுத்த நாற்பது பேரீச்ச மரங்கள், அதுதான் அவள் சோறு. கடைசித் தோட்டம். நாற்பத்தொன்றாவது மடை. கெய்லானி திருடியபோது காய்ந்தது அதுதான். நீ காவல்காரருக்குக் கொடுத்தாயே பழம், அது அவள் மரத்துப் பழம். அவளே அடைத்தாள். என்னிடம், "போர்டு ஆடாம இருக்கும், அதுக்குத்தான்" என்றாள்.

அவள் முறை இன்றைக்கு நாலு மணிக்கு. குலை தள்ளி, காய் விரல் நுனி அளவு இருக்கிறது. இந்த வெயிலில் ஒரு முறை தவறினால் கொட்டிவிடும்.

இரண்டாவது, நான் எழுதிய நிரல். அஞ்சாங்கிளாஸ்காரன் எங்கே மச்சான் அதை எழுதுவான்? ஈயம் வைத்து ஒட்டத் தெரியும், அவ்வளவுதான் நான். ஒன்பது பதிப்பும் அவள் எழுதினாள். ஆட்டுச் சந்தை என்றாயே, அவளைச் சொன்னாய். இந்தத் துறையில் என்ன வேலை என்றாயே, அவளிடம் கேட்டாய். அவள் சத்தமாகப் படிப்பாள், பிறகு திருத்துவாள். என் பெயரைப் போடச் சொன்னதும் அவள்தான். "என் பேரைப் பாத்தா பரிதாபப்பட்டு எல்லாத்தையும் ஒத்துக்குவாரு, இல்லன்னா ஒண்ணையும் ஒத்துக்க மாட்டாரு. ரெண்டும் வேண்டாம்ணே. நிரலைப் பாத்து சொல்லட்டும்." நான் ஒப்பம் போட்டது பொய்ச் சத்தியம். நீ சோதித்தேன் என்று போட்டதும் பொய்ச் சத்தியம். ஒரே திருத்தத்தின் அடியில் நம் இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்து நிற்கிறது, உலகம் முழுக்க எடுத்துக்கொள்ளலாம்.

பூஜ்யம்வரை இறக்குகிற எண்ணிக்கையைப் பார்த்ததும் நீ கேட்டாய். உனக்குத் தெரிந்திருந்தது. நோட்டுப் புத்தகம் என்று நான் சொன்னதை நம்பிக்கொண்டாய், உனக்கு அது வசதியாக இருந்தது.

நீ நேராக்கு என்றபோது அவள் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டே ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். எனக்கே சந்தேகம். "உன்னுதுதான் சரின்னு தோணுதா?" என்றேன். "தோணுது. ஆனா அவரு கம்பெனியில இருந்தவரு." "உன் வேலையைத் திருடினவன்டி." "திருடினாரு. ஆனா சோதிக்காம சோதிச்சேன்னு ஒரு நாளும் எழுதினதில்லண்ணே. ஒரு வரிக்காக மூணு நாள் சாப்பிடாம உக்காந்து சோதிப்பாரு, நான் பாத்திருக்கேன்" என்றாள். அழித்து நேராக்கினாள். நாற்பத்தொன்றாவது மடையைப் பூட்டப் பொத்தானை அழுத்தியது என் விரல் இல்லை, அவளுடையது.

மூன்றாவது. இதைச் சொல்ல நான் கடமைப்பட்டவன் இல்லை. ஆனால் நீ அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தால் என்னால் உளியைப் பிடிக்க முடியவில்லை. அந்த ஆகஸ்டில் அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நீ வந்ததே அவளுக்குத் தெரியாது. பின்கட்டில் இருந்தாள். நான் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் என்னிடம் கேட்டாள், "லுவாஜ்ல இருந்து யாராவது எறங்கினாங்களாண்ணே?" "இல்ல" என்றேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் லுவாஜ் நிற்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைப்பாள். எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் கீழே வைப்பதை நிறுத்திவிட்டாள்.

ஆக, சிரித்தது நான் மட்டும்தான். நீ மூன்று வருஷம் பழி வைத்துக் கொன்றது என் பெயரை இல்லை. உன் பெயர் கொண்ட ஒரு வரியை நம்பினவளை. எண்ணிப் பார், மேலிருந்து கீழாக.

உடைக்க ஆரம்பித்தபோது எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். கடைசி மடையில் ஆரம்பித்தால் அவள் வந்து ஏன் என்று கேட்பாள். அதனால் முதலிலிருந்து தொடங்கினேன். எப்படி இருக்கிறேன் பார், இதிலும் அவளைத்தான் கடைசிக்குத் தள்ளினேன். அவளிடம் சொல்ல வேண்டும். நீ செய்ததை மட்டும் சொல்வதா, நான் செய்ததையும் சேர்த்தா என்று மூன்று மடை உடைக்கிறவரைக்கும் யோசித்தேன். என் அப்பா ஒருமுறை கிணற்றில் விழுந்த ஆட்டைப் பற்றி வீட்டில் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தார், அம்மா தினமும் தீவனம் எடுத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே போவாள், அது வெள்ளை ஆடு, காதில் மட்டும்

கடையில் ஃபேன் நின்றது. இப்போது. மூன்றடித்து நாலு நிமிஷம்.

சுற்றிக்கொண்டிருக்கிறது மறுபடி. வந்துவிட்டது. இருபது நொடி இருக்குமா. இருபதுதான் இருக்கும்.

தெருவில் மஹ்பூபா கூப்பிடுகிறாள், கேட்கிறது. "அண்ணே! கரண்டு போய் வந்துச்சே, என் மடையில லைட்டு எரியல. ஒயரு கழண்டிருக்கும், வந்து பாருண்ணே." நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். வாசலுக்கே வந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது. கையில் போன், உன் வரி இருக்கிற பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். "ஃபியூஸா இருக்குமோன்னு பயந்துட்டேன். இருக்காதுண்ணே, அதை அவரு மூணு தடவ நிறுத்திப் பாத்திருக்காரு. வா, ஒயரைப் பாப்போம், நாலு மணிக்கு என் முறை" என்கிறாள். உளியை ஏன் கையில் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறாள். நான் எழுந்து போய் அவளிடம் முதலில் அந்த ஆகஸ்டைச் சொல்லப் போகிறேன்.